திருப்பணியும் பழங்கல்லும்

திருக்கோயில் ஒன்றுக்குக் குடமுழுக்கு நடத்துவதென்று ஊரார் கூடி முடிவு செய்த அன்றே இருவேறு விருப்பங்கள் அங்கே தலையெடுக்கின்றன. முன்னோர் தொழுத கோயில் முன்னிருந்தவாறே விளங்கவேண்டும் என்பது ஒன்று. மழை ஒழுகாமலும், இருள் சூழாமலும், முதியோரும் குழந்தைகளும் இடர்ப்படாமலும் வழிபட ஏற்ற இடமாக அது அமையவேண்டும் என்பது மற்றொன்று. இரண்டும் பக்தியிலிருந்தே பிறப்பன, இரண்டும் நியாயமானவை. ஆயினும், முதலாவதையே பற்றி நின்றால் கோயில் காட்சிப் பொருளாகிவிடும். இரண்டாவதையே பற்றி நின்றால் கோயிலின் பெயர் மட்டும் எஞ்சி, பழைய கோயில் மறைந்துவிடும். இவ்விரண்டையும் இணைத்துச் செல்லும் நெறி யாது என்பதைத் தமிழகத் திருப்பணிகளின் வரலாறே தெளிவாக உரைக்கின்றது.

ஆகமமும் சிற்ப நூலும் வகுத்த நெறி

பழுதுற்ற ஆலயத்தைப் புதுப்பிப்பதற்கு ஜீர்ணோத்தாரணம் என்று பெயர். குடமுழுக்கினை ஆவர்த்தம், அநாவர்த்தம், புனராவர்த்தம், அந்தரிதம் என நால்வகையாகப் பெரியோர் பகுத்துள்ளனர். புதிதாக எடுத்த ஆலயத்திற்குச் செய்வது ஆவர்த்தம். வெள்ளம் முதலியவற்றாற் சிதைந்து பூசையின்றிக் கிடந்த ஆலயத்தை மீட்டுச் செய்வது அநாவர்த்தம். பழுது பார்த்துச் செய்வது புனராவர்த்தம். கள்வர் புகுதல் போன்ற தீங்குகள் நேர்ந்தபின் செய்வது அந்தரிதம். இந்நான்கனுள் மூன்று, முன்னரே உள்ள கோயிலைப் பற்றியனவாதல் கருதத்தக்கது. புதிது எடுத்தலைக் காட்டிலும் உள்ளதைப் போற்றுதலையே முன்னோர் மிகுதியும் எண்ணினர் என்பது இதனால் விளங்கும்.

திருப்பணி நடைபெறுங் காலத்தும் வழிபாடு அறவே நின்றுவிடலாகாது என்பதற்காகவே பாலாலயம் என்னும் முறை ஏற்பட்டது. மூலவரின் அருளாற்றலைக் கும்பத்திலோ, மரப் பலகையிலோ, படத்திலோ எழுந்தருளச் செய்து, அங்கே நித்திய பூசையை நடத்திக்கொண்டு, கட்டடத்தில் தச்சரும் கொத்தரும் பணி செய்வர். கட்டடத்தைச் செப்பனிடுதலும் வழிபாட்டைத் தொடர்தலும் ஒன்றையொன்று தடுக்காதவாறு அன்றே வகுத்த வழி இது.

மயமதம் என்னும் சிற்ப நூல் புதுப்பித்தலைப் பற்றித் தனியே கூறுகின்றது. உறுப்புக்களின் இலக்கணம் இன்னும் புலப்படுமாறு நிற்கும் கோயிலை அதற்குரிய பொருள்களைக் கொண்டே சீர்செய்யவேண்டும், குறைந்ததை நிறைவாக்கலாம், ஆனால் முன்பிருந்த உயரமும் அகலமும் மாறலாகாது, முன்னில்லாத ஒன்றைச் சேர்த்தலும் கூடாது என்பது அந்நூலின் கருத்து. மேலைநாட்டார் பழங்கட்டடப் பாதுகாப்பைப் பற்றிப் பேசத் தொடங்குவதற்குப் பன்னூறு ஆண்டுகட்கு முன்னரே அவ்விதி இந்நாட்டுச் சிற்பியரிடையே வழங்கியது.

செம்பியன் மாதேவியார் காட்டிய வழி

இந்நெறிக்குச் சிறந்த சான்றாக விளங்குபவர், கண்டராதித்த சோழரின் தேவியாரும் உத்தம சோழரின் அன்னையாருமாகிய செம்பியன் மாதேவியார். பத்தாம் நூற்றாண்டில் காவிரிக் கரைகளில் செங்கல்லால் ஆகியிருந்த பல கோயில்களை அவ்வம்மையார் கற்றளிகளாக மாற்றினார். திருநல்லம் எனப்படும் கோனேரிராசபுரம், தென்குரங்காடுதுறையாகிய ஆடுதுறை, திருக்கோடிகாவல், விருத்தாசலம் முதலிய தலங்கள் அவர் திருப்பணி பெற்றவை. திருநல்லத்தில் தம் கணவர் பெயரால் கோயில் எடுத்த அவ்வம்மையார், கண்டராதித்தர் சிவலிங்கத்தை வழிபடும் கோலத்தைச் சுவரில் செதுக்குவித்தார். அக்கோயிலைக் கட்டுவித்த சாத்தன் குணபட்டனின் உருவமும் பெயரும் பட்டமும்கூட அங்கே பொறிக்கப்பெற்றுள்ளன. தம் பெயரை முன்னிறுத்தாது கணவரையும் பணி செய்தவரையும் நினைவில் நிறுத்திய பெருந்தகைமை அது.

திருக்கோடிகாவலில் அவர் செய்த செயல் இதனினும் வியப்புக்குரியது. பழைய கோயிலைக் கற்றளியாக எடுத்தபோது, முன்னைய கற்களில் எழுதியிருந்த கொடைகளின் நிலை என்னாவது என்ற வினா எழுந்தது. விளக்குக்கென்று பொன் கொடுத்தவர், திருவமுதுக்கென்று நிலம் விட்டவர் ஆகியோரின் சாசனங்கள் அவை. பல்லவ மன்னர் காலத்தனவும் அவற்றுள் இருந்தன. வேற்று மரபினர் காலத்துக் கொடையென்று அவற்றைச் சோழ மாதேவியார் ஒதுக்கவில்லை. அவற்றைப் படியெடுத்துப் புதிய சுவரில் வெட்டுவித்தார். பழங்கல்லைப் பார்த்து எடுத்த படியே இது என்னும் குறிப்பையும் உடன் பொறிக்கச் செய்தார்.

அச்சிறு குறிப்பில் அடங்கியுள்ள நேர்மை பெரிது. புதிய கல்லைப் பழங்கல்லென்று அது காட்டவில்லை. பழைய கொடையைப் புதிய கொடையென்றும் மாற்றவில்லை. கட்டடம் புதிது, தருமம் பழையது என்ற உண்மையை ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் வருபவரும் அறியுமாறு வைத்தது. இற்றைக்குக் கல்வெட்டறிஞர்கள் அவ்வெழுத்துக்களைக் கொண்டே அத்தலத்தின் முன்னை வரலாற்றை அறிகின்றனர்.

இங்கே ஓர் ஐயம் எழக்கூடும். அம்மாதேவியார் பழைய செங்கற் கோயிலை நீக்கிப் புதிய கற்றளி எடுத்தாரன்றோ? ஆகவே இன்றும் பழையதை இடித்துப் புதியது கட்டுதல் தகுமன்றோ? இவ்வாறு கேட்போர் ஒன்றை எண்ணுதல் வேண்டும். அழியுந் தன்மையுடைய செங்கல்லை நீக்கி, அதனினும் நெடுங்காலம் நிற்கும் கருங்கல்லை அவர் வைத்தார். ஆயிரம் ஆண்டு நின்ற கருங்கல்லை நீக்கி, நூறாண்டு நிற்பதும் உறுதியில்லாத சிமெண்டையும் இரும்புக் கம்பியையும் வைப்போர், அவர் சென்ற வழிக்கு எதிர்வழியிற் செல்பவராவர்.

பல கைகள் எடுத்த பெருங்கோயில்

தஞ்சைப் பெருவுடையார் கோயில் முதலாம் இராசராச சோழரின் படைப்பு. அவருடைய 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாளில், அஃதாவது கி.பி. 1010இல், ஸ்ரீவிமானத்தின் தூபியில் வைப்பதற்குச் செப்புக்குடம் கொடுத்த செய்தி கல்வெட்டில் உள்ளது. அடுத்த ஆட்சியாண்டில் அம்மன்னர் ஓர் ஆணை பிறப்பித்தார். தாம் கொடுத்தனவும், தம் தமக்கையார் குந்தவையார் கொடுத்தனவும், தேவியர் கொடுத்தனவும், ஏனையோர் கொடுத்தனவும் ஆகிய யாவும் ஸ்ரீவிமானத்திலேயே கல்லில் வெட்டப்படவேண்டும் என்பதே அவ்வாணை. பேரரசரின் பொன்னும் பிறர் கொடையும் ஒரே கல்லில் இடம்பெற்றன. கோயிலின் கல் கொடையாளர் அனைவர்க்கும் பொதுவான ஏடு என்பதை இதனினும் தெளிவாக உணர்த்த இயலாது.

அவ்வாறு எடுத்த கோயிலும் அன்றிருந்தபடியே இன்றில்லை. அம்மன் சன்னிதி பாண்டியர் காலத்தில், 13ஆம் நூற்றாண்டில் எழுந்தது. இன்று காணும் பெரிய நந்தியும், நுண்ணிய வேலைப்பாடமைந்த முருகன் சன்னிதியும் நாயக்கர் காலத்தவை. மராத்தியர் தம் குல வரலாற்றை 1803இல் அங்கே கல்லில் பொறித்தனர். முருகன் சன்னிதி சோழர் பணியன்று என்பதற்காக அதனை நீக்கவேண்டுமென்று அறிவுடையோர் எவரும் கூறார். பழமை என்பது ஒரு நூற்றாண்டோடு முடிவதன்று. பக்தியோடு சேர்த்த ஒவ்வொரு காலத்துப் பணியும் கோயிலின் பழமையிற் சேர்ந்ததேயாகும். அவை பின் வந்தவை என்றாலும், முன்னிருந்த விமானத்தை விழுங்காமல் அதன் அருகே அடங்கி நிற்கின்றன.

கருவறையைச் சூழ்ந்த உள்சுற்றிலோ நிலைமை வேறாயிற்று. அங்கே சோழர் காலத்து ஓவியங்கள் சுண்ணாம்புப் பூச்சின்மேல் தீட்டப்பெற்றிருந்தன. சுந்தரரும் சேரமான் பெருமாளும் கயிலைக்குச் செல்லும் காட்சி, தில்லைக் கூத்தனை வழிபடும் காட்சி, திரிபுரம் எரித்த விரிசடைக் கடவுளின் பெருந்தோற்றம் ஆகியவை அவற்றுள் தலைசிறந்தவை. காலப்போக்கில் நாயக்கர் காலத்தார் அவற்றின்மேல் வேறு பூச்சுப் பூசிப் புதிய ஓவியங்களைத் தீட்டினர். பழைய ஓவியம் மறைந்ததே என்று எவரும் அறியாதவாறு நூற்றாண்டுகள் கழிந்தன. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். கே. கோவிந்தசாமி அவர்கள், உதிர்ந்த மேற்பூச்சின் கீழே சோழர் ஓவியம் ஒளிர்வதைக் கண்டு உலகுக்கு அறிவித்தார்.

அப்போது ஒரு தருமசங்கடம் தோன்றியது. மேற்பூச்சை நீக்கினால்தான் சோழர் ஓவியம் வெளிப்படும்; நீக்கினாலோ நாயக்கர் ஓவியம் அழியும். அதுவும் பக்தியாற் செய்த பணியே. தொல்லியல் துறையின் வேதியியல் வல்லுநர்கள் பின்னாளில் பெரும்பொறுமையோடு மேலடுக்கைச் சிதையாமல் உரித்தெடுத்துத் தனிப் பலகைகளில் பதித்து, கீழடுக்கையும் காத்தனர். ஒன்றைக் காக்க மற்றொன்றை அழிக்கவேண்டியதில்லை. வழி தேடும் பொறுமையே வேண்டும் என்பதற்கு இது சான்று.

பெருவுடையார் கோயிலை 1987இல் யுனெஸ்கோ நிறுவனம் உலக மரபுச் செல்வமாக ஏற்றது. 2004இல் கங்கைகொண்ட சோழபுரமும் தாராசுரமும் உடன் சேர்க்கப்பெற்றன. இம்மூன்றுக்கும் சேர்த்து அந்நிறுவனம் இட்ட பெயரில், இவை வாழும் கோயில்கள் என்ற கருத்து அமைந்துள்ளது. விளக்கு எரியும் கோயில், மணி ஒலிக்கும் கோயில் என்பதே அவற்றின் மதிப்பில் ஒரு பகுதியென உலகம் ஒப்புக்கொண்டது.

அன்பினால் நேர்ந்த இழப்பு

எல்லாத் திருப்பணிகளும் இவ்வாறு அமைந்துவிடவில்லை. சென்ற இரு நூற்றாண்டுகளில், கோயில்களைப் புதுக்கவேண்டுமென்ற பேரார்வத்தால் பல பழைய கற்றளிகள் பிரிக்கப்பட்டுப் புதிய கற்களால் எடுக்கப்பெற்றன. அத்திருப்பணிகளால் பாழடையவிருந்த தலங்கள் வழிபாட்டுக்கு மீண்டன என்பது மறுக்கவொண்ணாதது. ஆனால், திருக்கோடிகாவலில் படியெடுத்ததுபோல் அங்கெல்லாம் படியெடுக்கவில்லை. கல்வெட்டுத் துறையினர் 1880களிலிருந்து மைப்படி எடுத்து வைத்தமையால் மட்டுமே சில சாசனங்கள் இன்று எஞ்சியுள்ளன. படி எடுக்குமுன் போனவை போனவையே.

இக்காலத்து இழப்புக்கள் இடிப்பதனால் மட்டும் வருவன அல்ல. தூய்மை செய்வதனாலும் வருகின்றன. கருங்கல்லின் மீது படிந்த எண்ணெய்ப் பிசுக்கையும் சுண்ணத்தையும் அகற்றுவதற்காக, மணலைக் காற்றழுத்தத்தால் பீய்ச்சி அடிக்கும் முறை ஒரு காலத்தில் எங்கும் பரவியது. கல் பளிச்சென்று தோன்றியது. ஆனால் பிசுக்கோடு கல்லின் மேற்றோலும் போயிற்று. சிற்பத்தின் இமையும் நகமும் மழுங்கின, எழுத்துக்கள் மங்கின. தமிழக அரசு அம்முறையைத் தடைசெய்தது. நீரும் மென்மையான தூரிகையும் மெதுவாகச் செய்யும் வேலையை மணல் விரைவாகச் செய்தது. அவ்விரைவின் விலை மீளாதது.

தரைக்குப் புதுக்கல் பரப்புதலும் இத்தகையதே. பழைய தளத்தை அகற்றாமல் அதன்மேலேயே மண்ணும் கலவையும் இட்டுக் கல் பதிக்கும்போது பிராகாரத்தின் மட்டம் உயர்கின்றது. சுவரின் அடியிலுள்ள அதிட்டானத்தின் உபானமும் ஜகதியும் குமுதமும் மண்ணுள் மறைகின்றன. கல்வெட்டுக்கள் மிகுதியாக உள்ள இடம் அவ்வதிட்டானமே. அதுமட்டுமன்று, சன்னிதியின் மட்டம் தாழ்ந்து, பிராகாரம் உயர்ந்துவிட்டால் மழைநீர் வெளியேறும் வழி அடைபட்டு, கருவறையை நோக்கி நீர் பாயும். பழமையும் கெட்டது, பயனும் கெட்டது.

சிமெண்டைப் பற்றியும் அன்பர்கள் அறிந்திருத்தல் நன்று. முன்னோர் சுண்ணாம்பையும் மணலையும் சேர்த்து, கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் கலந்து, நன்றாக அரைத்துப் பதப்படுத்திப் பயன்படுத்தினர். அச்சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றுச் சிறிது சிறிதாக மீண்டும் கல்லாகின்றது. சுவருள் புகுந்த ஈரம் அதன் நுண்துளைகள் வழியே வெளியேறிவிடும். சிமெண்டோ இறுகி ஈரத்தைச் சுவருக்குள் அடைக்கும். அடைபட்ட ஈரத்திலுள்ள உப்பு உறைந்து, செங்கல்லையும் கல்லின் மேற்பரப்பையும் பொரிந்து உதிரச் செய்யும். உள்ளே வைத்த இரும்புக் கம்பி துருவேறிப் பருத்துக் கட்டடத்தைப் பிளக்கும். பழைய முறை பழமை கருதி மட்டும் போற்றத்தக்கதன்று. பழங்கட்டடத்தின் உடலுக்கு ஏற்ற மருந்தும் அதுவே.

புறக்கணித்தலும் தீங்கே

பழமையைத் தொடலாகாது என்று கைகட்டி நிற்பதும் அறமாகாது. தேவாரம் பெற்ற திருக்காளத்தியில், கிருஷ்ணதேவராயர் 1516இல் எடுத்த பெருங்கோபுரம் விரிசல் கண்டு, 2010ஆம் ஆண்டு மே 26ஆம் நாள் இரவு முற்றும் சரிந்து வீழ்ந்தது. அதனிடத்தில் புதிய கோபுரம் எழுந்து 2017இல் குடமுழுக்குப் பெற்றது. வழிபடுவோர்க்குக் கோபுர தரிசனம் மீண்டது. ஆயினும் இராயர் கண்ட கோபுரம் மீளவில்லை.

தஞ்சையில் 1997ஆம் ஆண்டு சூன் 7ஆம் நாள், குடமுழுக்குக்கான யாகசாலைப் பந்தலில் தீப்பற்றி 40க்கும் மேற்பட்ட அன்பர்கள் உயிர்நீத்தனர். கற்கோயில் நின்றது, அதனைத் தொழ வந்தவர்கள் மாண்டனர். மதுரையில் 2018ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள் இரவு, கடைகள் நிறைந்திருந்த வீரவசந்தராயர் மண்டபம் தீக்கிரையாகி, தூண்களும் மேற்றளமும் சிதைந்தன. கல்லும் பெருந்தீயில் வெடிக்கும் என்ற பாடத்தை அது கற்பித்தது. மின்கம்பிகளின் ஒழுங்கு, தீயணைக்கும் ஏற்பாடு, மக்கள் விரைந்து வெளியேறும் வழி ஆகியவை பழமைக்கு மாறானவை அல்ல. இக்காலத்தில் அவை திருப்பணியின் முதன்மையான உறுப்புக்கள்.

இப்பாடத்தைக் கற்றதன் அடையாளம் பின்னர்க் காணப்பட்டது. 23 ஆண்டுகளுக்குப் பின், 2020ஆம் ஆண்டு பிப்ரவரி 5ஆம் நாள் தஞ்சையில் மீண்டும் குடமுழுக்கு நடந்தபோது, யாகசாலை கோயில் வளாகத்திற்கு வெளியே அமைக்கப்பெற்றது. மந்திரமும் ஆகுதியும் குறையவில்லை. இடம் மட்டுமே மாறியது.

திருவரங்கத்தில் 2015இல் குடமுழுக்குக்கு முன் நடந்த திருப்பணி மற்றுமொரு நல்ல எடுத்துக்காட்டு. பிற்காலத்தில் நெருக்கியடித்துச் சேர்த்த தடுப்புக்களும் கட்டுமானங்களும் அகற்றப்பெற்றன. அடைபட்ட பழைய நீர்ப்போக்கு வழிகள் மீண்டும் திறக்கப்பெற்றன. மழைநீர் தேங்காமல் போகத் தொடங்கியது. வசதிக்காகப் புதிதொன்றைக் கட்டுவதற்குமுன், முன்னோர் அமைத்த வசதி எங்கே மறைந்து கிடக்கின்றதென்று தேடியதே அத்திருப்பணியின் சிறப்பு. 2017இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது அதற்குக் கிடைத்தது. பழமையைத் துலக்கியபோதே பயனும் துலங்கியது.

திருப்பணிச் செல்வர் கேட்கவேண்டுவன

பழங்கோயில்களின் பாதுகாப்புக் குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் 2021ஆம் ஆண்டு சூன் 7ஆம் நாள் 75 கட்டளைகள் அடங்கிய தீர்ப்பை வழங்கியுள்ளது. சட்டம் செய்யக்கூடியது ஓரளவே; எஞ்சியது பொருள் கொடுப்போர் கையில் உள்ளது. எத்தனை இலட்சம் கொடுப்பது என்று எண்ணும் அன்பர், அப்பொருள் என்ன செய்யும் என்றும் கேட்டல் வேண்டும். பணி தொடங்குமுன் கல்வெட்டுக்கள் படியும் படமும் எடுக்கப்பெற்றனவா? பிரிக்கும் கல் ஒவ்வொன்றுக்கும் எண் இடப்பெற்றதா? பழைய தளம் எவ்வளவு ஆழத்தில் உள்ளது? கலவை சுண்ணாம்பா, சிமெண்டா? மின்விளக்கும் கைப்பிடியும் சாய்தளமும் சிற்பத்தைத் துளையாமல், வேண்டும்போது எடுத்துவிடத்தக்கனவாய் அமையுமா? விமானத்தின்மேல் பறவை எச்சத்தால் முளைக்கும் ஆலும் அரசும் வேரூன்றுமுன் களையப்படுமா?

இவற்றுள் பெரும்பாலானவை பெயர்ப்பலகை பெறாத பணிகள். மேற்றளத்தின் ஒழுக்கை அடைக்கக் கொடுத்த பொருள் கண்ணுக்குத் தோன்றாது. ஆயினும் ஆண்டுதோறும் செய்யும் அச்சிறு பணியே, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் பெரும்பணியை எளிதாக்கும். பழங்கல்லை அகற்றவேண்டிய கேட்டினையும் தவிர்க்கும்.

பழைய கொடைச் சாசனங்கள் பலவும் முடியும் முறையொன்று உண்டு. சந்திரரும் சூரியரும் உள்ளவரை இத்தருமம் நடக்கவேண்டுமென்று கூறி, அதனைப் பன்மாகேசுவரர் காப்பில் வைத்து, இதனைக் காப்பவர்களுடைய திருவடி தம் தலைமேல் இருப்பதாக என்று கொடையாளர் பணிந்து முடிப்பர். மண்ணாண்ட மன்னரும், ஓர் ஆட்டின் நெய்கொண்டு விளக்கெரிக்கக் கொடுத்த எளியோரும் இதனையே கூறினர். தமக்குப் பின் யார் வருவார், எக்குலத்தார், எந்நாட்டார் என்று அவர்கள் அறியார். ஆயினும் பிறவாத அவர் திருவடியை முன்னரே தம் தலைமேல் தாங்கினர்.

அவ்வணக்கத்தைப் பெற்றவர்கள் இன்று திருப்பணிக்குப் பொருள் வழங்கும் அன்பர்களே. அக்கல்லைக் காத்தால் அவ்வணக்கத்திற்கு உரியவராவர். அதனை மழுங்கடித்து அவ்விடத்தில் தம் பெயரைப் பொறித்தால், தம் பெயருக்குப் பின்வருவோர் இழைக்கப்போவது யாதென்பதைத் தாமே வகுத்துக் காட்டியவராவர். குடமுழுக்கு நாளில் விமானத்தின்மேல் சொரியும் புனிதநீர், புதிதாகப் பூசிய சுதையை நனைத்து, பழைய கல்லின் எழுத்துக்களின் வழியே இறங்கி, கீழே குழுமிய அடியார்மேல் தெளிக்கின்றது. அன்று கொடுத்தவர்க்கும் இன்று கொடுப்பவர்க்கும் அந்நீர் ஒன்றே. இருவர் தருமமும் ஒரே கல்லில் நெடிது நின்று விளங்க இறைவன் திருவருள் துணைநிற்பதாகுக.